அடிமட்டமும் நகைக்கடைக் கலண்டரும்

"மிஸ், இந்த மனித இனப்பெருக்கப் பாடத்தில சோதனைக்கு எத்தனை மாக்ஸ் வரும்?" என்று ஒரு தகப்பன் போன் எடுத்துக் கேட்டார். கேட்ட தொனியிலேயே மீதி விளங்கிவிட்டது. குறைவாக வருமென்றால் விட்டுவிடலாமே என்பதுதான் அவருடைய யோசனை. எவ்வளவு வந்தாலும் முழுதாகப் படிப்பிப்பேன் என்று சொன்னேன். "சரி மிஸ். ஆனா பெடியளையும் பொம்பிளைப் பிள்ளையளையும் ஒண்டா வச்சோ?" என்றார். ஓம், ஒன்றாக வைத்துத்தான்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம், ஒரு வீட்டின் மேல்மாடியில் சாதாரண தர (ஓ.எல்.) விஞ்ஞானம் தமிழ் மொழிமூலம் படிப்பிக்கிறேன். காலையில் ஆண்கள் பாடசாலைக்கும் பெண்கள் பாடசாலைக்கும் பிரிந்து போகிற பிள்ளைகள் பின்னேரம் இங்கேதான் ஒரே அறையில் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், எல்லாரும். மனித இனப்பெருக்கம் வருகிற வாரம் மட்டும் யாரும் பின்வாங்கில் இருந்து கதைக்க மாட்டார்கள். பாடசாலையில் பலருக்கு இந்தப் பாடம் "வீட்டில வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பரீட்சையில் இவர்கள் இதில் புள்ளி இழப்பதே இல்லை. படத்தைத் தந்தால் சூலகம், பலோப்பியன் குழாய், கருப்பை, கருப்பைக் கழுத்து, யோனி என்று அம்புக்குறி போட்டு எழுதித் தள்ளுவார்கள். அந்தப் படம் உடம்பில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எந்த நாளில் என்ன நடக்கிறது என்று கேட்டால் வாய் திறக்காது. புத்தகப் படத்தில் அளவும் இல்லை, திகதியும் இல்லை. வீட்டிலும் வெளியிலும் கேள்விப்படுகிற பிழையான கதைகள் எல்லாம் அந்த இரண்டு ஓட்டைக்குள்ளால்தான் நுழைகின்றன என்பது என் அபிப்பிராயம். ஆகவே இந்தப் பாடத்துக்கு நான் கொண்டுபோவது ஓர் அடிமட்டமும், செட்டியார் தெரு நகைக்கடையில் தருகிற பெரிய எழுத்துக் கலண்டரும்.

முதலில் அடிமட்டம். எல்லாரும் கொப்பியில் உண்மை அளவில் வரைய வேண்டும். பிள்ளை இல்லாத நேரத்தில் கருப்பையின் நீளம் ஏறக்குறைய 7.5 சென்ரிமீற்றர், அகலம் 5. சூலகம் 3 முதல் 4 சென்ரிமீற்றர். பலோப்பியன் குழாய் ஒவ்வொன்றும் 10 முதல் 12 வரை. வரைந்து முடித்ததும் "இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்பார். ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். இந்த 7.5 சென்ரிமீற்றர்தான் கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் விலா எலும்பு வரைக்கும் எழும்பி, பிறகு ஆறு கிழமையில் பழைய அளவுக்குத் திரும்புகிறது. கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் நேர்குடல். பிள்ளை வயிற்றுக்குள் வளர்கிறது என்று நாங்கள் பேச்சில் சொல்வோம். சோறு போகிற இரைப்பைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விசயத்தை நேராகச் சொல்வேன். சிறுநீர் வெளியேறும் துவாரம் வேறு, யோனித் துவாரம் வேறு, மலவாயில் வேறு. மூன்று. பதினாறு வயதில், படத்துக்குப் பெயரிட்டு முழுப் புள்ளி எடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு இது தெரியாது. ஆண்களுக்குச் சிறுநீரும் விந்தும் ஒரே வழியால்தான் வருகின்றன, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. விந்து வரும்போது சிறுநீர்ப்பையின் கழுத்து இறுகி மூடிக்கொள்ளும்.

அப்புறம் முட்டை. பேனையால் ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். அந்தப் புள்ளியே பெரிது. பெண்ணின் முட்டையின் விட்டம் 0.1 மில்லிமீற்றர் அளவு, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும். ஆனாலும் மனித உடம்பின் மிகப் பெரிய கலங்களில் அதுவும் ஒன்று. விந்துக் கலம் வாலோடு சேர்த்தே அதில் ஏறக்குறைய பாதி நீளம்தான், தலையை மட்டும் பார்த்தால் முட்டைக்குப் பக்கத்தில் தூசி. 1677இல் லேவன்ஹூக் என்ற ஒல்லாந்தர் தன் நுணுக்குக்காட்டியில் விந்துக் கலத்தைப் பார்த்துவிட்டார். முலையூட்டியின் முட்டையை, அதுவும் ஒரு நாயினுடையதை, ஃபொன் பேர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது 1827இல். சிறியதை முதலில் கண்டு, பெரியதைக் காண 150 வருடம் எடுத்திருக்கிறது. விந்தை வெளியே எடுத்துப் பார்க்கலாம், முட்டை உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதுதான் காரணம்.

முட்டையின் வயதைச் சொல்லும்போதுதான் வகுப்பு உண்மையாகவே நிமிர்ந்து உட்காரும். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதமளவில் 60, 70 இலட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். பெரியபிள்ளையாகும் நேரம் 3, 4 இலட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளியே வருவது 400, 500. அப்படியென்றால் நீங்கள் எந்த முட்டையிலிருந்து வந்தீர்களோ, அது உங்கள் அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவானது. "அப்ப நானும் உம்மம்மாட வயித்தில இருந்திருக்கிறன்!" என்றாள் ஒரு பிள்ளை. பாதி நீ இருந்தாய், மற்றப் பாதி அப்போது எங்கேயும் இல்லை என்றேன். விந்துக் கலம் உருவாகி முதிர இரண்டு, இரண்டரை மாதம் போதும். வாப்பாவின் பங்கு அவ்வளவு புதிது.

இனிக் கலண்டர். சுவரில் மாட்டி, மாதவிடாய் தொடங்கும் முதல் நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவேன். அதுதான் மாதவிடாய் வட்டத்தின் 1ஆம் நாள். புத்தகம் 28 நாள் என்று சொல்லும், 14ஆம் நாள் முட்டை வெளியேறும் என்று சொல்லும். பிள்ளைகளும் அப்படியே பாடமாக்குவார்கள். 28 என்பது வசதிக்கு எடுத்த ஒரு எண். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை சாதாரணம், புதிதாகப் பெரியபிள்ளையானவர்களுக்கு 45 வரையும் போகலாம். கிட்டத்தட்ட மாறாமல் இருப்பது பின்பாதிதான். முட்டை வெளியேறி ஏறக்குறைய 14 நாளில் அடுத்த மாதவிடாய் வரும். ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 35 நாள் வட்டமுள்ளவருக்கு முட்டை வெளியேறுவது 21ஆம் நாளளவில், 14ஆம் நாளில் அல்ல. கலண்டரில் எண்ணிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். இதை விளங்காமல் "பாதுகாப்பான நாள்" என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொண்ட பெரியவர்கள் இந்தக் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்னொன்று, முதலாவது மாதவிடாய்க்கு முன்னமே முட்டை வெளியேறலாம். அதாவது மாதவிடாயே வராத பிள்ளையும் கர்ப்பமாகலாம்.

வட்டத்தின் முன்பாதியில் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாக்குகிறது. முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த கூடு மஞ்சட் சடலமாக மாறி புரொஜெஸ்தரோனைச் சுரந்து, அந்தச் சுவரைக் காக்கிறது. கரு வரவில்லை என்றால் மஞ்சட் சடலம் வற்றும், ஓமோன் விழும், சுவர் கழன்று இரத்தத்தோடு வெளியே வரும். இதில் எங்கே அழுக்கு இருக்கிறது? உடம்பில் சேர்ந்த "கெட்ட இரத்தம்" வெளியே போகிறது என்று நம்புகிற படித்த தாய்மார் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஒரு கருவைத் தங்கவைக்கத் தயாராக்கிய படுக்கை அது, நல்ல இரத்தம்தான்.

எவ்வளவு போகும் என்று கேட்டால் ஒரு போத்தல், அரைப் போத்தல் என்பார்கள், பெடியன்கள் அதைவிடக் கூடச் சொல்வார்கள். பாணி மருந்தோடு வருகிற அளவு மூடியில் தண்ணீர் எடுத்துக் காட்டுவேன். ஒரு மாதவிடாய் முழுவதற்கும் சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர், 80க்கு மேலே போனால்தான் அதிகம். வயிற்றுநோவுக்குக் காரணம் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள், கருப்பைத் தசையை இறுக்கிச் சுருங்கவைப்பது. சுடுதண்ணீர்ப் போத்தல் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குகிற வழக்கம் பற்றியும் கேட்பார்கள். உழுத்தங்களி நல்லது, முட்டையும் நல்லது, ஆனால் அவித்துக் கொடுங்கோ. பச்சை முட்டையில் சல்மொனெல்லா இருக்கலாம்.

ஒரு தடவை, கடையில் சனிட்டரி பாட்டை மட்டும் ஏன் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருகிறார்கள் என்று ஒரு பெடியன் கேட்டான். யாராவது பதில் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்கள மாதிரி ஆக்கள் பாப்பினம் எண்டுதான்" என்றாள் முன்வாங்கில் இருந்தவள். அவனும் சிரித்தான், வகுப்பும் சிரித்தது. அதற்குப் பிறகு கேள்விகள் தாராளமாக வந்தன. பெடியன்களை வெளியே அனுப்பிவிட்டுப் படிப்பித்திருந்தால் இது நடந்திருக்காது.

பெடியன்களுக்கு நடப்பதை யாரும் விழாவாகக் கொண்டாடுவதில்லை, யாரும் சொல்லியும் கொடுப்பதில்லை. மண்டபம் எடுத்து, மேடை போட்டு, தங்கைக்குப் பூப்புனித நீராட்டு விழா நடக்கும். அதே வீட்டில் அண்ணன்காரன் இரவில் விந்து வெளியேறிய சாரத்தை விடியமுன் யாருக்கும் தெரியாமல் தோய்த்துப் போடுவான். தனக்கு ஏதோ வருத்தம் என்று பயப்படுவான். ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பத்திரிகையில் "நரம்புத் தளர்ச்சி"க்கு மருந்து விற்கிறவர்களின் பிழைப்பே இந்தப் பயத்தில்தான் நடக்கிறது. கணக்கைப் பாருங்கள். விந்துப் பாயத்தில் பெரும்பங்கு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு, விந்துப் புடகங்களில் இருந்து வருகிறது. அதில் பிரக்டோஸ் என்ற பழச்சீனி இருக்கிறது, விந்துக் கலம் நீந்துவதற்குச் சக்தி. மீதியில் பெரும்பகுதி புரொஸ்டேட் சுரப்பியின் பாயம். விந்துக் கலங்களின் பங்கு நூற்றுக்கு 5க்குள்தான். ஒரு துளி இரத்தமும் இதில் செலவாவதில்லை. விதைகள் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவை உடைந்து உடம்பிலேயே உறிஞ்சப்படும். கனவில் வெளியேறுவது 12, 13 வயதுக்குப் பிறகு சர்வசாதாரணம், வராவிட்டாலும் ஒன்றுமில்லை. விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்கும் காரணம் உண்டு. விந்து உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2, 3 பாகை குறைவான வெப்பம் தேவை. நாற்பது துளிக் கதையைக் கணக்கோடு உடைத்த அன்று, வகுப்பு முடிந்தும் போகாமல் நின்ற பெடியன் ஒருவன் "தாங்ஸ் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

முட்டையும் விந்தும் எப்படிச் சந்திக்கின்றன? நம்முடைய பழைய படங்களில் இரண்டு பூக்கள் ஒன்றோடொன்று முட்டும், அடுத்த காட்சியில் கதாநாயகி வாந்தி எடுப்பாள். இப்போதைய பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, போனில் வருவது அதைவிட மோசமான பொய். ஆகவே சுற்றிவளைக்காமல் சொல்வேன். உடலுறவின்போது ஆண்குறி வழியாக யோனிக்குள் சேரும் விந்தில் கோடிக்கணக்கான விந்துக் கலங்கள் இருக்கின்றன, முட்டையின் அருகே போய்ச் சேர்வது சில நூறு. கருக்கட்டல் நடப்பது கருப்பையில் அல்ல, பலோப்பியன் குழாயின் அகன்ற பகுதியில். முட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணித்தியாலம். விந்துக் கலம் பெண்ணின் உடம்பில் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். கலண்டரில் முட்டை வெளியேறும் நாளுக்கு முந்திய 5 நாளையும் நீலத்தால் அடித்துக் காட்டினால் போதும், மேலே சொன்ன பாதுகாப்புக் கணக்கு எப்படிப் பிழையாகிறது என்று தானாகத் தெரியும். இதே மூச்சில் சட்டத்தையும் சொல்லிவிடுவேன். இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் குற்றம். யாராவது, சொந்தக்காரராக இருந்தாலும், பிழையாகத் தொட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பெடியன்களுக்கும்தான்.

பிறகு ஆணா பெண்ணா என்ற விவகாரம். முட்டை எல்லாவற்றிலும் எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்)தான். விந்துக் கலங்களில் பாதியில் எக்ஸ், பாதியில் வை. எக்ஸ் வந்தால் மகள், வை வந்தால் மகன். 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாப்புழு வண்டின் கலங்களை ஆராய்ந்து இதைக் கண்டார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் மூன்றாவதும் பெண் பிள்ளை என்றால் மருமகளைத்தான் மாமி முறைக்கிறார். "எங்கட அப்பம்மா அம்மாவைத்தான் ஏசுறவ" என்றான் ஒருவன், இரண்டு அக்காமாருக்குப் பின் பிறந்தவன். வீட்டில் போய்ச் சொல்லு என்றேன். சொன்னானோ தெரியாது.

கருக்கட்டிய கலம் பிரிந்துகொண்டே மூன்று நான்கு நாளில் கருப்பைக்கு வந்து, ஆறாம் ஏழாம் நாளளவில் சுவரில் பதிகிறது. கருக்கட்டி 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். தாய்க்கு மாதவிடாய் பிந்தி ஒரு கிழமைதான் ஆகியிருக்கும், சிலருக்குச் சந்தேகமே வந்திருக்காது. 28ஆம் நாளுக்குள் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் மூடிவிடும். போலிக் அமில வில்லையைக் கர்ப்பத்துக்கு முன்னமே தொடங்கச் சொல்வது இதனால்தான், கர்ப்பம் என்று தெரிந்து கிளினிக்குக்குப் போகும்போது அந்த வேலை முடிந்துவிடும். பிள்ளையைக் கருப்பைச் சுவரோடு இணைக்கும் சூல்வித்தகத்தில் தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, கலப்பதில்லை. ஒட்சிசன், குளுக்கோசு, தாயின் பிறபொருளெதிரி (நோயை எதிர்க்கும் பொருள்) எல்லாம் கடந்து போகும். மதுசாரமும் சிகரெட் நிக்கொட்டினும் அதே வழியால் போகும்.

"அம்மம்மா பத்து மாசம் எண்டுறா, புத்தகத்தில ஒன்பது. எது சரி மிஸ்?" இதற்கும் கலண்டர்தான். வைத்தியர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அப்படி 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக எடுத்தால் சரியாகப் பத்து. கலண்டர் மாதத்தில் ஒன்பதும் ஒரு கிழமையும். கருக்கட்டிய நாளிலிருந்து எண்ணினால் 266. அம்மம்மாவும் சரி, புத்தகமும் சரி.

பிறப்பைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். வகுப்பில் பலர் பிறந்தது பொரளைப் பக்கத்து அரசாங்க மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில். 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை ஆசியாவிலேயே பழமையானவற்றில் ஒன்று. விருப்பமானவர்கள் வீட்டில் தங்கள் கிளினிக் காட்டை எடுத்து, பிறந்த நிறையைப் பார்த்துவரச் சொல்வேன். விருப்பமானவர்கள் மட்டும். எல்லா வீட்டிலும் அந்தக் காட் இருக்காது, பெற்றவர்களே வளர்க்காத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம், அதைக் கட்டாயமாக்க எனக்கு மனமில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தை எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்பதற்கு ஒதுக்குவேன். 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, வந்த பிறகு மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி, ஏழு நாளுக்கு மேல் இரத்தம், மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைகிறது, பள்ளிக்கூடம் போக முடியாத நோவு: இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். முதல் இரண்டு வருடம் வட்டம் ஒழுங்கில்லாமல் இருப்பது மட்டும் பயப்பட வேண்டியதல்ல. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் பாடசாலையில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. உங்களுக்குப் போடப்பட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள், தங்கைக்குத் தவறவிடாதீர்கள்.

பெடியன்களுக்கு ஒன்று, இதைப் புத்தகத்தில் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. ஒரு விதையில் திடீரென்று தாங்க முடியாத நோவு வந்தால், வீக்கமோ வாந்தியோ சேர்ந்தால், விதை முறுகி இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம், பிந்தினால் அகற்ற வேண்டிவரும். வெட்கத்தில் விடியும்வரை பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களை எழுப்புங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. போய் இறங்கியதும் இடம் வலம் பாராமல் "விதையில நோ, இத்தனை மணிக்குத் தொடங்கினது" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். வயிற்றுநோ என்று சொல்லி வரிசையில் இருந்துவிடாதீர்கள்.